பயன்பாடு என்ற ஒரு சொல்

வணிகவியல், மேலாண்மை, தகவல் முறைமைகள் ஆகிய துறைகளில் முனைவர் பட்டத்துக்கு எழுதப்படும் ஆய்வேடுகளில் மூன்றாம் இயல் பெரும்பாலும் ஆய்வு முறையியலுக்கு ஒதுக்கப்படுகிறது. அந்த இயலின் தொடக்கத்தில் ஆய்வின் மெய்யியல் அடிப்படை என்ற பகுதி இரண்டு மூன்று பக்கங்களுக்கு இடம்பெறுவதும், உலகில் எவை உள்ளன என்று வினவும் இருப்பியலும் உள்ளவற்றை எவ்வாறு அறியலாம் என்று வினவும் அறிவாய்வியலும் அதில் விளக்கப்படுவதும், இறுதியில் இவ்வாய்வு இன்ன நிலைப்பாட்டைச் சார்ந்தது என்று ஒரு வரி எழுதப்படுவதும் வழக்கமாகிவிட்டன. அந்த வரி எழுதப்படும் வேளையில் வினாநிரல் அச்சாகி, விடைகள் திரட்டப்பட்டு, கணினிப் பகுப்பாய்வும் முடிந்திருப்பது அரிதன்று. மெய்யியலை இவ்வாறு கடைசியில் ஒட்டும் பெயர்ச்சீட்டாகக் கருதுவதால் ஆய்வாளர் இழப்பது மிகப் பெரிது. ஏனெனில் எது உள்ளது, எது சான்றாகும் என்ற முடிவுகள் ஆய்வு வினாவில் அமர்ந்திருக்கும் ஏதோ ஒரு சாதாரணச் சொல்லிலேயே, அவர் அறியாமலே எடுக்கப்பட்டுவிடுகின்றன. தகவல் முறைமைத் துறையைப் பொறுத்தவரை அவ்வாறான சொற்களில் முதன்மையானது ‘பயன்பாடு’. ஒரு நிறுவனம் வாங்கிய மென்பொருளை ஊழியர்கள் ஏன் பயன்படுத்துகிறார்கள், ஏன் பயன்படுத்துவதில்லை என்ற வினாவைச் சுற்றியே இத்துறையின் பல்லாண்டு உழைப்பு குவிந்திருக்கிறது.

அந்த உழைப்பின் நடுநாயகமாக நிற்பது ஃப்ரெட் டேவிஸ் 1989-இல் எம்.ஐ.எஸ். குவார்ட்டர்லி இதழில் வெளியிட்ட கட்டுரை. எம்.ஐ.டி.யில் அவர் மேற்கொண்ட முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்த அதன் கருத்து எளிமையானது: ஒரு கணினி முறைமை தம் வேலைக்கு உதவும் என்று ஒருவர் எந்த அளவுக்கு நம்புகிறாரோ, அதைக் கையாள்வது எளிது என்று எந்த அளவுக்கு நம்புகிறாரோ, அந்த அளவுக்கு அவர் அதைப் பயன்படுத்துவார். இவ்விரு நம்பிக்கைகளையும் அளக்க நம்பிக்கைக்கு ஆறு கூற்றுகளாக டேவிஸ் வடிவமைத்தார். வேலை விரைவாக முடியும், செயல்திறன் கூடும், வேலை எளிதாகும் என்ற போக்கில் அமைந்த கூற்றுகளை ஏழு படிநிலை கொண்ட அளவுகோலில் பயனர்கள் மதிப்பிட்டனர். முதல் ஆய்வில் கனடாவின் டொரான்டோ நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வகத்தின் 112 பணியாளர்களும், இரண்டாம் ஆய்வில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மேலாண்மை மாணவர் 40 பேரும் பங்கேற்றனர். பயனுடைமைக்கும் பயன்பாட்டுக்கும் இடையிலான ஒட்டுறவு, அதாவது ஒன்று கூடும்போது மற்றதும் எந்த அளவுக்குச் சேர்ந்து கூடுகிறது என்பதைக் காட்டும் எண், முதல் ஆய்வில் 0.63 ஆகவும் இரண்டாம் ஆய்வில் 0.85 ஆகவும் இருந்தது. எளிமைக்கும் பயன்பாட்டுக்கும் இடையில் அது 0.45, 0.59 என்று சற்றுக் குறைந்தது. தொழில்நுட்ப ஏற்பு மாதிரி என்று பெயர் பெற்ற இச்சட்டகம் அதன் பிறகு மின்னஞ்சலிலிருந்து இணைய வங்கிச் சேவை வரை எண்ணற்ற முறைமைகளுக்குப் பொருத்திப் பார்க்கப்பட்டது.

இந்த ஆய்வில் பயன்பாடு என்பது என்ன? முதல் ஆய்வில், தாம் எவ்வளவு பயன்படுத்துவதாகப் பணியாளர்கள் தாமே கூறினார்களோ அது. இரண்டாம் ஆய்வில், இனி எவ்வளவு பயன்படுத்துவோம் என்று மாணவர்கள் தாமே கணித்துக் கூறியது. ஒரு கருத்தை அளவிடும் செயலோடு அக்கருத்தையே இவ்வாறு ஒன்றாக்கிவிடும் நிலைப்பாட்டுக்குச் செயற்பாட்டுவாதம் என்று பெயர். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் பெர்சி பிரிட்ஜ்மன் 1927-இல் அதை முன்வைத்தார். நீளம் என்றால் நீளத்தை அளக்கும் செயல்களின் தொகுதியே, அதற்கு அப்பால் மறைந்திருக்கும் பொருள் ஒன்றுமில்லை என்பது அவர் வாதம். சார்பியல் கோட்பாடு வந்தபின், காலம், ஒருங்கு நிகழ்தல் போன்ற சொற்களை அளவிடும் வழியைக் கூறாமல் வழங்கியதே பழைய இயற்பியலின் குழப்பத்துக்குக் காரணம் என்று அவர் கண்டார். அந்த நிலைப்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆயினும் இயற்பியலாளரின் அளவுகோல் தான் அளப்பதைப் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை. வினாநிரலில் அளக்கப்படுபவரே அளவுகோலாகவும் இருக்கிறார்.

இந்த வேறுபாடு வெறும் தத்துவச் சிக்கல் அன்று என்பதை டெட்மார் ஸ்ட்ராப் உள்ளிட்ட மூவர் 1995-இல் காட்டினர். குரல் அஞ்சல் பயனர்கள் தாம் பயன்படுத்துவதாகச் சொன்ன அளவையும், கணினி தானே பதிந்து வைத்திருந்த அளவையும் அவர்கள் ஒப்பிட்டபோது, இரண்டுக்கும் இடையே வலுவான தொடர்பு தென்படவில்லை. தொழில்நுட்ப ஏற்பு மாதிரி கூறும் உறவுகள் பயனர் தாமே சொன்ன அளவோடு நன்றாகப் பொருந்தின. கணினிப் பதிவோடு அவ்வாறு பொருந்தவில்லை. அப்படியானால் அந்தச் சட்டகம் விளக்கி வந்தது மக்களின் செயலையா, தம் செயலைப் பற்றி மக்கள் பேசும் முறையையா என்ற ஐயம் எழுகிறது. 2014-இல் யான் கெட்டில் ஆர்னுல்ஃப் முதலானோர் இந்த ஐயத்தை இன்னும் ஆழமாக்கினர். தலைமைப் பண்பு, பணி ஊக்கம் முதலியவற்றை அளக்கும் வினாநிரல்களின் வாக்கியங்களை மட்டும் எடுத்து, அவை பொருளால் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமானவை என்பதை மொழிப் பகுப்பாய்வு நிரல்களால் அவர்கள் கணக்கிட்டார்கள். ஆளுமைச் சோதனை ஒன்று நீங்கலாக, மனிதர்கள் அளித்த விடைகளின் வேறுபாட்டில் 60 முதல் 86 விழுக்காடு வரை அந்த நெருக்கத்தாலேயே விளக்கப்பட்டுவிட்டது. டேவிட் கெஃபனும் கை லார்சனும் 2017-இல் தொழில்நுட்ப ஏற்பு மாதிரியையே எடுத்துக்கொண்டு, சொற்களின் நெருக்கம் அதன் உறவுகளில் வகிக்கும் பங்கைப் பிரித்துக் காட்டினர்.

தமிழில் வினாநிரல் தயாரிப்போர் இந்த இடத்தில் இருமடங்கு விழிப்போடு இருக்க வேண்டியிருக்கிறது. ‘இம்மென்பொருள் எனக்குப் பயனுள்ளது’ என்று ஒரு கூற்றும், ‘இம்மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்துவேன்’ என்று இன்னொரு கூற்றும் ஒரே தாளில் வரும்போது இரண்டையும் தாங்கி நிற்பது பயன் என்ற ஒரே சொல். விளைவு, நன்மை, ஈட்டம் ஆகிய பொருள்கள் யாவும் அச்சொல்லில் அடங்கியிருப்பதால், பயனில்லாத ஒன்றைப் பயன்படுத்துவேன் என்று கூறுவது தமிழ்க் காதுக்கு முரணாகவே ஒலிக்கும். அந்த முரணைத் தவிர்க்கவே ஒருவர் இரண்டுக்கும் ஒரே எண்ணை வட்டமிட்டிருக்கலாம். ஆய்வாளரோ அதை நம்பிக்கைக்கும் செயலுக்கும் இடையிலான காரண உறவு என்று படிப்பார். ‘கையாள்கிறேன்’, ‘அதில்தான் வேலை செய்கிறேன்’ என்று சொற்களை மாற்றிக் கேட்டாலும் அதே ஒட்டுறவு கிடைக்கிறதா என்று பார்ப்பது ஒரு வாரத்து வேலை. செய்யத் தவறினால் ஆய்வு முழுவதும் அகராதியைச் சோதித்ததாக முடியக்கூடும்.

அளவிடலும் கருதுகோளும் புள்ளியியலும் ஒருங்கே அமைந்த இந்த ஆய்வு மரபு நேர்க்காட்சிவாதம் என்று வழங்கப்படுகிறது. பாசிட்டிவிசம் என்ற பெயரே பலருக்கும் பழக்கமானது. பிரெஞ்சு அறிஞர் அகுஸ்த் கோம்ட் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அப்பெயரை நிலைநாட்டினார். 1920-களில் மோரிட்ஸ் ஷ்லிக்கைச் சூழ்ந்து கூடிய வியன்னா வட்டத்தினர் அதற்கு ஏரண வடிவம் கொடுத்தனர். அனுபவத்தால் சரிபார்க்க முடியாத கூற்று அறிவுக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை என்ற அவர்களின் கடுமை, போலிப் பெருமிதங்கள் மலிந்திருந்த காலத்தில் அறிவுலகத்துக்குத் தேவைப்பட்ட மருந்து. ஆனால் சரிபார்த்தல் என்ற அந்த அடித்தளத்திலேயே ஒரு விரிசல் இருந்தது. ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே அதைக் கண்டிருந்தார். பல நிகழ்வுகளைக் கண்டு பொது விதியைப் பெறுவது தொகுத்தறிதல் எனப்படும். இதுவரை கண்டவை காணாதவற்றுக்கும் பொருந்தும் என்பதற்கு இதுவரை கண்டதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை என்றும், அந்த ஆதாரத்தைக் காட்டுவதே வட்டமாகச் சுற்றி வருவது என்றும் ஹியூம் காட்டினார். ஆலன் லீயும் ரிச்சர்ட் பாஸ்கர்வில்லும் 2003-இல் இதே வாதத்தைத் தகவல் முறைமைத் துறைக்குக் கொண்டுவந்தனர். 300 பேரிடம் கேட்டதை 3,000 பேரிடம் கேட்டால் மதிப்பீட்டின் நம்பகம் கூடுமே அன்றி, ஒரு வங்கியில் கண்டது இன்னொரு வங்கிக்குப் பொருந்தும் என்ற உரிமை அதனால் கிடைத்துவிடாது.

மெய்யியலாளர் கார்ல் பாப்பர் 1934-இல் வெளியிட்ட நூலில் வேறு வழி காட்டினார். விதியை மெய்ப்பிக்க முயலாமல் பொய்ப்பிக்க முயல்வதே அறிவியல். எந்த நிகழ்வு நேர்ந்தால் தான் தவறென்று ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லத் துணியும் கோட்பாடே அறிவியல் கோட்பாடு. முனைவர் பட்ட ஆய்வேடுகளில் பாப்பர் பெயர் தவறாமல் வருகிறது; கருதுகோள் சோதனை என்பதே பொய்ப்பித்தல் முயற்சிதான் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணத்தைத் தகர்த்தவர் அமெரிக்க உளவியலாளர் பால் மீல். 1967-இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறை மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஒன்று.

மீலின் வாதம் இவ்வாறு செல்கிறது. இயற்பியலில் கோட்பாடு ஒரு குறிப்பிட்ட எண்ணை முன்னறிவிக்கிறது. கருவி நுட்பமாக ஆக, அந்த எண்ணிலிருந்து சிறிய விலகலும் தெரிந்துவிடும். ஆகவே அளவிடும் திறன் கூடும்தோறும் கோட்பாடு தாண்ட வேண்டிய தடை உயர்ந்துகொண்டே போகிறது. உளவியலிலும் அதைப் பின்பற்றும் சமூக அறிவியல்களிலும் கோட்பாடு முன்னறிவிப்பது ஓர் எண்ணை அன்று. இரண்டுக்கும் இடையே உறவு இருக்கும், அது நேர்முகமாக இருக்கும் என்ற அளவில்தான். அங்கே சோதிக்கப்படுவது உறவு சுழி என்ற இன்மைக் கருதுகோள். ஆனால் மனித வாழ்வில் வயது, வருமானம், படிப்பு, மனநிலை, அலுவலகச் சூழல் யாவும் ஒன்றோடொன்று சிறிதளவேனும் பின்னிக் கிடப்பதால், எந்த இரண்டுக்கும் இடையில் உறவு முற்றிலும் சுழியாக இருப்பது அபூர்வம். எனவே மாதிரி பெரிதாகி அளவீடு கூர்மையானால், கோட்பாடு அறவே தவறாக இருந்தாலும், திசையை மட்டும் சொன்ன கருதுகோள் ஏறக்குறைய பாதி வாய்ப்பில் வெற்றி பெற்றுவிடும். இயற்பியலில் கருவி மேம்படுவது கோட்பாட்டைச் சோதனைக்கு உள்ளாக்குகிறது. இங்கே அதுவே கோட்பாட்டைக் காப்பாற்றுகிறது. ஓர் ஆய்வேட்டில் பன்னிரண்டு கருதுகோள்களில் பத்து ஏற்கப்பட்டன என்ற அட்டவணையைக் காணும்போது, அந்தப் பத்தில் எதுவும் தோற்கக்கூடிய வகையில் எழுதப்பட்டிருந்ததா என்பதையே முதலில் கேட்க வேண்டும். உறவின் அளவு இந்த வரம்புக்குள் இருக்கும், இன்ன வகைப் பணியாளரிடம் அது மறைந்துவிடும் என்று முன்னரே எழுதிவைப்பவர் மட்டுமே பாப்பரின் பெயரைச் சொல்லும் தகுதி பெறுகிறார்.

எஞ்சிய இரண்டு கருதுகோள்கள் தோற்றபோது நிகழ்வதும் கவனிக்கத்தக்கது. மாதிரி சிறியது, மொழிபெயர்ப்பில் கூற்றின் பொருள் திரிந்தது, பயிற்சி முடிந்த உடனே கேட்டது தவறு என்று காரணங்கள் அடுக்கப்படும். கோட்பாட்டின் மீது பழி விழாது. இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. எந்தக் கருதுகோளும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை, கருவி, அளவீடு, சூழல் பற்றிய துணைக் கருதுகோள்களின் கூட்டத்தோடுதான் வருகிறது என்பதைப் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டூஹெம் 1906-இலேயே எழுதினார். யுரேனஸ் கோள் நியூட்டன் விதிப்படி செல்லாதபோது, அறியப்படாத வேறொரு கோள் அதை இழுக்கிறது என்று கணித்தார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. 1846 செப்டம்பரில் பெர்லினில் அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது. புதன் கோளும் கணக்கை மீறியபோது அவர் அதே உத்தியால் வல்கன் என்ற கோளை முன்மொழிந்தார். அப்படி ஒரு கோள் இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்தான் அந்த விலகலை விளக்கியது. இரு முறையும் லெவெரியே செய்தது ஒன்றே. முதல் முறை அது அறிவியலின் வெற்றியானது, இரண்டாம் முறை முட்டுச் சந்தானது.

ஆகவே துணைக் கருதுகோளைத் திருத்துவது தவறா என்று கேட்பதைவிட, அந்தத் திருத்தம் புதிதாக எதையாவது காண வைத்ததா என்று கேட்க வேண்டும் என்றார் மெய்யியலாளர் இம்ரே லகாடோஸ். புதியன காட்டும் ஆய்வுத் திட்டம் முன்னேறுவது. விலகல்களுக்குப் பின்னால் ஓடி ஒட்டுப் போடும் திட்டம் தேய்வது. இந்த உரைகல்லில் தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை உரசிப் பார்க்கலாம். 2000-இல் அதன் இரண்டாம் வடிவமும், 2003-இல் எட்டுக் கோட்பாடுகளை ஒன்றிணைத்த ஒருங்கிணைந்த வடிவமும், 2008-இல் மூன்றாம் வடிவமும் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் மாறிகளும் அம்புக்குறிகளும் பெருகின. 2007-இல் இத்துறையின் இதழ் ஒன்று இம்மாதிரிக்கெனவே சிறப்பிதழ் வெளியிட்டபோது, பயனுடைமையைக் கரும்பெட்டியாகவே வைத்துக்கொண்டு, ஒரு முறைமையை எது பயனுள்ளதாக்குகிறது என்ற வடிவமைப்புக் கேள்வியை ஆய்வாளர்கள் மறந்துவிட்டனர் என்று ஐசக் பென்பசாட்டும் ஆன்றி பார்கியும் முறையிட்டனர். அம்முறையீடு நியாயமானது. பயனுள்ளது என்று நினைப்பவர் பயன்படுத்துவார் என்ற விடையைக் கேட்டு எந்த மென்பொருள் வடிவமைப்பாளரும் தம் திரையில் ஒரு பொத்தானைக்கூட இடம் மாற்ற முடியாது.

பயன்பாட்டை வேறு விதமாகக் காணவும் வழி இருந்தது. வாண்டா ஆர்லிகோவ்ஸ்கியும் ஜாக் பரூடியும் 1983 முதல் 1988 வரை வெளியான 155 தகவல் முறைமைக் கட்டுரைகளை ஆராய்ந்து, 96.8 விழுக்காடு நேர்க்காட்சிவாதத்தையே சார்ந்தவை என்று 1991-இல் எழுதினர், எஞ்சிய 3.2 விழுக்காடு பொருள்கோள் அணுகுமுறையைச் சேர்ந்தது. யாருடைய நலனுக்காக ஒரு முறைமை கொண்டுவரப்படுகிறது என்று வினவும் விமர்சன அணுகுமுறையில் ஒன்றுகூட இல்லை. மனிதர் தம் செயலுக்குத் தாமே என்ன பொருள் கொள்கின்றனர் என்பதை உள்நின்று புரிந்துகொள்வதே பொருள்கோள் அணுகுமுறை. ஜெர்மன் அறிஞர்கள் டில்தையும் மாக்ஸ் வேபரும் அதன் முன்னோடிகள்.

அடுத்த ஆண்டே ஆர்லிகோவ்ஸ்கி அதைச் செய்து காட்டினார். ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம் தன் அலுவலகங்களில் உள்ளோர் அறிவைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று லோட்டஸ் நோட்ஸ் என்ற மென்பொருளை நிறுவியது. அங்கே பணியாற்றிய ஆலோசகர்களின் ஒவ்வொரு மணி நேரமும் ஏதாவது ஒரு வாடிக்கையாளர் கணக்கில் எழுதப்பட வேண்டும்; புதிய மென்பொருளைக் கற்கும் மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? பதவி உயர்வு பெறாதவர் வெளியேற வேண்டிய நிறுவனம் அது. தனக்குத் தெரிந்ததைப் பொதுத் தளத்தில் எழுதிவைப்பவர் தன் போட்டியாளருக்கு ஏணி போடுகிறார். பலர் அதை மின்னஞ்சலைப் போல இன்னொரு தனிப்பட்ட கருவியாகவே விளங்கிக்கொண்டனர். பதவி உறுதியான மேல்நிலைப் பங்காளர்களும், போட்டிக்கு வெளியே இருந்த தொழில்நுட்பப் பிரிவினரும் மட்டும் பகிர்தலுக்கு இணங்கினர். இந்த ஆலோசகர்களிடம் ஏழு படிநிலை அளவுகோலை நீட்டியிருந்தால் மென்பொருள் பயனுள்ளது என்றே சிலர் வட்டமிட்டிருப்பார்கள். தடையாக நின்றது அவர்கள் மனத்திலிருந்த நம்பிக்கை அன்று. மணிக்கணக்குத் தாளும் பதவி உயர்வு முறையும் சேர்ந்து அந்த அலுவலகத்தில் பகிர்தல் என்ற செயலுக்கே கொடுத்திருந்த பொருள்.

பொருள்கோள் ஆய்வு என்றால் பத்துப் பேரிடம் பேட்டி எடுத்து எழுதுவது என்ற தவறான எண்ணத்தை அகற்ற ஹைன்ஸ் கிளைனும் மைக்கேல் மையர்ஸும் 1999-இல் ஏழு நெறிகளை வகுத்தனர். அவற்றின் அடிப்படை பொருள்கோள் வட்டம்: பகுதியை முழுமையின் ஒளியிலும் முழுமையைப் பகுதிகளின் ஒளியிலும் மாறி மாறிப் படிப்பது. தமிழ் உரை மரபில் வளர்ந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. பரிமேலழகர் ஒவ்வோர் அதிகாரத்தின் தலைப்பிலும் அதன் வைப்பு முறையைக் கூறிவிட்டே குறளுக்குள் நுழைகிறார். குறளின் பொருளை அதிகாரம் வரையறுக்க, அதிகாரத்தின் பொருளைக் குறள்கள் நிறைக்கின்றன. வேலையிடத்தில் ஒருவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவருடைய பதவி, ஊதியம், முந்தைய மென்பொருள் தந்த கசப்பு ஆகியவற்றோடு வைத்துப் படித்து, அந்த வாக்கியத்தால் அந்தச் சூழலைப் பற்றிய புரிதலைத் திருத்திக்கொள்வதும் அதே உழைப்புதான். உரையாசிரியரைப் போல ஆய்வாளரும் வேறு உரைகளை எடுத்துக்காட்டி, தம் உரை ஏன் பொருந்துகிறது என்று வாதிட்டாக வேண்டும்.

இரு அணுகுமுறைகளுக்கும் இடையே கட்சி கட்டி நிற்பவர்களைத் தடுமாற வைக்கும் ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டீபன் பார்லி 1986-இல் வெளியிட்ட அந்த ஆய்வு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரு மருத்துவமனைகளின் கதிரியல் பிரிவுகளில் ஒரே வகைச் சி.டி. ஸ்கேன் கருவி நிறுவப்பட்டபோது நடந்ததை விவரிக்கிறது. ஒன்றில் அக்கருவியில் பழகிய தொழில்நுட்பர்கள் புதிதாக அமர்த்தப்பட்டிருந்தனர். அங்கிருந்த மருத்துவர்களோ அதற்குப் புதியவர்கள். தமக்குக் கீழே உள்ளவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நேர்ந்த சங்கடத்தால் மருத்துவர்கள் மெல்ல மெல்லக் கருவி அறையை விட்டு விலகித் தம் அறைக்குள் ஒதுங்க, அன்றாட முடிவுகள் தொழில்நுட்பர் கைக்குச் சென்றன. மற்றதில் கருவியை அறிந்த மருத்துவர் இருந்தார், தொழில்நுட்பர்கள் எக்ஸ்-ரே பிரிவிலிருந்து வந்தவர்கள். அங்கே ஆணைகளும் மறு ஆணைகளும் மருத்துவரிடமிருந்தே தொடர்ந்தன. காலப்போக்கில் இரு பிரிவுகளிலும் அதிகாரம் ஓரளவு பரவினாலும், முதலாவதில் அது பரவிய அளவு மிகப் பெரிது. கருவிதான் காரணம் என்றால் விளைவு ஒன்றாக இருந்திருக்க வேண்டும். பொருள்கோளே எல்லாம் என்றால், இரு இடங்களிலும் பழைய படிநிலையை ஆட்டங்காண வைத்தது ஒரே கருவி என்பதை விளக்க முடியாது.

இவ்வகைப் புதிர்களுக்கு இடம் தரும் மெய்யியலை ராய் பாஸ்கர் 1975-இல் வெளியிட்ட நூலில் வகுத்தார். இந்தியத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த அவரது நிலைப்பாடு பின்னர் விமர்சன மெய்ம்மைவாதம் என்று பெயர் பெற்றது. உலகை அவர் மூன்று அடுக்காகக் கண்டார்: நாம் காணும் அனுபவங்கள், கண்டாலும் காணாவிட்டாலும் நடக்கும் நிகழ்வுகள், அந்நிகழ்வுகளை விளைவிக்கும் ஆற்றலுடைய இயங்குமுறைகள். ஓர் இயங்குமுறை இருந்தும் செயல்படாமல் இருக்கலாம். செயல்பட்டும் வேறொன்றால் தடுக்கப்படலாம். ஆய்வகம் என்பது பிற இயங்குமுறைகளை வெளியே நிறுத்தி ஒன்றை மட்டும் ஓடவிடும் மூடிய அறை. அலுவலகம் திறந்த வெளி; அங்கே நிலையான ஒட்டுறவு இல்லாமை, காரணம் இல்லாமைக்குச் சான்றாகாது. அறிவு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பிறர் கேட்டாக வேண்டும் என்பது பார்லியின் இரு மருத்துவமனைகளிலும் இயங்கிய ஒரே முறை. தொடக்கத்தில் அறிவு எந்தக் கையில் இருந்தது என்பதால் நிகழ்வுகள் பிரிந்தன. வணிகத் துறை ஆய்வாளருக்கு இம்மூன்று நிலைப்பாடுகளில் இதுவே அதிகம் உதவக்கூடியது என்று துணிந்து சொல்லலாம், ஆயினும் ஒரு நிபந்தனையோடு: இயங்குமுறை என்ற சொல் எதையும் விளக்கிவிடும் மந்திரமாகிவிடாமல், அது எங்கே இயங்காது என்பதையும் ஆய்வாளர் சொல்லியாக வேண்டும்.

வணிக ஆய்வுக்கே உரிய இன்னொரு சிக்கலை இம்மூன்றும் போதுமான அளவு தொடுவதில்லை. நெப்டியூன் நியூட்டனைப் படிப்பதில்லை. மேலாளரும் வணிகரும் கோட்பாடுகளைப் படிக்கின்றனர். மனிதன் தன்னலம் ஒன்றையே நாடுபவன் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட மேலாண்மைக் கோட்பாடுகள், வகுப்பறையில் கற்பிக்கப்பட்டு, அத்தகைய மேலாளர்களையே உருவாக்குகின்றன என்று கொல்கத்தாவில் பிறந்த மேலாண்மை அறிஞர் சுமந்திர கோஷல் மிகுந்த வேதனையோடு எழுதினார்; அக்கட்டுரை அவர் மறைவுக்குப் பின் 2005-இல் வெளியானது.

கோட்பாட்டின் பயன்பாடு உலகை எப்படி மாற்றும் என்பதை மிக நெருக்கமாகக் காட்டியவர்கள் டொனால்ட் மெக்கென்சியும் யூவல் மில்லோவும். 1973-இல் சிகாகோவில் ஆப்ஷன் சந்தை திறந்தது. குறித்த நாளுக்குள் குறித்த விலைக்குப் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தமே ஆப்ஷன். அதே ஆண்டில் ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் அந்த உரிமைக்கு என்ன விலை தகும் என்று கணக்கிடும் சூத்திரத்தை வெளியிட்டனர். தொடக்கத்தில் சந்தை விலைகள் சூத்திரத்திலிருந்து கணிசமாக விலகியிருந்தன. பிளாக் தம் சூத்திரத்தால் கணக்கிட்ட விலைகளைத் தாள்களில் அச்சிட்டு விற்றார். வணிகர்கள் அத்தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கூச்சலும் நெரிசலும் நிறைந்த களத்தில் நின்று, எந்த ஆப்ஷன் மலிவு, எது அதிக விலை என்று பார்த்து வாங்கி விற்றனர். அப்படி வாங்கி விற்றதாலேயே விலைகள் சூத்திரத்தை நோக்கி நகர்ந்தன. 1987 அக்டோபர் 19-ஆம் நாள் டவ் ஜோன்ஸ் குறியீடு 22.6 விழுக்காடு சரிந்தது. அச்சரிவுக்குப் பின் விலைகள் சூத்திரத்திலிருந்து மறுபடியும் ஓர் ஒழுங்கான முறையில் விலகின, அந்த விலகல் நிலைத்துவிட்டது.

இச்சூத்திரத்தை முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் 1973-ஆம் ஆண்டின் விலைகளைக் கொண்டு சோதித்தால் அது பொருந்தாது. 1980-களின் நடுவில் எடுத்த விலைகளில் நன்கு பொருந்தும். 1990-இன் விலைகளில் திரும்பவும் பொருந்தாது. மாதிரி போதுமான அளவு பெரியது, அளவீடு நுட்பமானது, புள்ளியியல் பிழையற்றது என்று மூன்று முறையும் அவர் எழுதலாம், மூன்றும் உண்மையாகவே இருக்கும். ஆனால் தம் ஆய்வேட்டின் முதல் இயலில், வினாவை எழுதும் இடத்திலேயே, எந்த ஆண்டுகளின் விலைகளை எடுக்கிறார் என்பதையும், அந்த ஆண்டுகளில் களத்தில் நின்ற வணிகர் கையில் அந்தச் சுருட்டிய தாள் இருந்ததா என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும்.